ஒவ்வொருவருக்கும் ஒரு பணி



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலங்களில் உம்மாமார் பலர் ஆலோசனை கேட்டு மௌலவிமாரிடம் வருவதுண்டு. "மூன்று பாடமும் சித்தி. ஆனால் மருத்துவ பீடத்துக்கு இசற் புள்ளி போதாது. மறுபடியும் எழுதச் சொல்லட்டுமா, ஹஸ்ரத்?" என்று கேட்பார்கள். பக்கத்தில் மகள் தலை குனிந்து நிற்பாள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மகள்?" என்று அவளிடம் கேட்டால், அவள் வாய் திறக்குமுன் உம்மாவே பதில் சொல்லி விடுவார்.

இந்த உம்மாமாரைக் குறை சொல்வதற்கில்லை. தாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்ற எண்ணமே அவர்களைப் பேச வைக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி அங்கே கேட்கப்படாமலே போய்விடுகிறது. இந்தப் பிள்ளையை அல்லாஹ் எந்த இயல்போடு படைத்திருக்கிறான்? எந்தப் பணிக்கு இவள் பொருத்தமானவள்? புள்ளியைப் பற்றிப் பேசுமுன் இதைப் பற்றியல்லவா பேச வேண்டும்?

ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கு ஏற்பவே செயற்படுகின்றனர் என்ற கருத்தை ஸூரா அல்-இஸ்ராவின் 84ஆம் வசனம் தருகிறது. மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டானோ அது அவனுக்கு இலகுவாக்கப்படும் என்ற பொருளில் வரும் ஹதீஸ் புஹாரியில் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸ் கத்ரைப் பற்றிய விளக்கத்தில் வந்தது. என்றாலும் பிள்ளைகளை வளர்ப்போருக்கு அதில் ஒரு பாடம் உண்டு. இனி இந்தப் பாடத்தை நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் பார்ப்போம்.

பரிகாசம் செய்த சிறுவன்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. மக்கா வெற்றி கொள்ளப்பட்டு, ஹுனைன் போரும் முடிந்து முஸ்லிம்கள் திரும்பிக் கொண்டிருந்தார்கள். வழியில் தொழுகைக்கு அதான் சொல்லப்பட்டது. அப்போது மக்காவைச் சேர்ந்த சில இளைஞர்கள் சற்றுத் தொலைவில் நின்று, அதானைப் போலவே கத்திப் பரிகாசம் செய்தார்கள். அவர்கள் அதுவரை இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை.

அந்தச் சத்தம் நபி (ஸல்) அவர்களின் காதில் விழுந்தது. அவர்களை அழைத்து வரச் செய்தார்கள். நம் வீடுகளில் என்றால் என்ன நடந்திருக்கும்? முதலில் அடி, பிறகு ஏச்சு. நபியவர்களோ ஒவ்வொருவரையும் தனித்தனியாக அதான் சொல்ல வைத்துக் கேட்டார்கள். அவர்களுள் ஒருவரின் குரல் மிக நன்றாக இருந்தது. அவரை மட்டும் நிறுத்திக் கொண்டு மற்றவர்களைப் போகவிட்டார்கள். அவருக்கு அதானின் வார்த்தைகளைத் தாமே சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளி நாணயங்கள் அடங்கிய ஒரு பையைக் கொடுத்தார்கள். நெற்றியிலும் நெஞ்சிலும் கை தடவி பரக்கத்துக்காகத் துஆச் செய்தார்கள். அந்த இளைஞரின் நெஞ்சில் இருந்த வெறுப்பு அன்பாக மாறியது. அவர்தான் அபூ மஹ்தூரா (ரழி). பின்னர் மக்காவின் முஅத்தினாக நியமிக்கப்பட்ட அவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே அதான் சொல்லி வந்தார். அவருக்குப் பின் அவருடைய சந்ததியினரும் அந்தப் பணியைத் தொடர்ந்தனர்.

சகோதரிகளே, இந்தச் சம்பவத்தைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மற்றவர்களின் காதில் விழுந்தது பரிகாசம். நபியவர்கள் அதற்குள் இருந்த குரலையும் கேட்டார்கள். நம் பிள்ளையின் குறும்புக்குள்ளும் சில நேரம் அதன் திறமை ஒளிந்திருக்கும். வீட்டிலுள்ள வானொலியைக் கழற்றிப் போடுகின்ற மகன், ஓயாமல் கதை பேசும் மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் வரிசையில் உட்கார வைத்து 'டீச்சர்' விளையாடும் சின்னவள், இவர்களை ஏசுமுன் ஒரு கணம் கவனித்துப் பாருங்கள்.

ஆளறிந்து கொடுக்கப்பட்ட பணிகள்

அதானின் வார்த்தைகளைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரழி). ஆனால் அதைச் சொல்லும் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. பிலால் (ரழி) அவர்களின் குரல் சிறந்தது, அவருக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள். கனவு கண்டவருக்கு அதனால் சிறுமை ஏற்படவில்லை. பிலால் அடிமையாக இருந்தவர் என்பதும் தடையாகவில்லை.

ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களைப் பாருங்கள். போருக்குச் செல்ல வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் குர்ஆனை மனனமிடுவதில் அவருக்கு அபாரமான ஆற்றல் இருந்தது. அதைக் கண்ட நபியவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு அவரிடம் கூறினார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். கடிதங்களை எழுதவும் வாசித்துக் காட்டவும் நபியவர்களுக்கு அவர் உதவினார். பிற்காலத்தில் அபூபக்ர் (ரழி) அவர்களின் ஆட்சியில் அல்குர்ஆனை ஒன்று திரட்டும் பெரும் பொறுப்பு அவரையே வந்தடைந்தது. போர்க்களத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவருக்கு அல்லாஹ் எழுதுகோலின் வாசலைத் திறந்து கொடுத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அபூதர் (ரழி) உண்மை பேசுவதில் பேர் பெற்றவர். உலக ஆசையற்றவர். அவர் தமக்கு ஒரு பதவி தருமாறு கேட்டார். நபியவர்கள் அவருடைய தோளில் கை வைத்து, அவர் அந்த விடயத்தில் பலவீனமானவர் என்றும், பதவி என்பது ஓர் அமானிதம் என்றும், உரிமையின்றி அதை ஏற்பவருக்கு மறுமையில் அது இழிவாகும் என்றும் விளக்கினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி. அபூதரின் ஈமானில் எந்தக் குறையும் இல்லை. அந்த வேலைதான் அவருக்குப் பொருந்தவில்லை. ஒருவர் நல்லவர் என்பதற்காக எல்லா வேலையும் அவருக்குப் பொருந்தி விடாது. ஒரு வேலை பொருந்தவில்லை என்பதற்காக அவர் குறைந்தவராகவும் ஆகி விடமாட்டார்.

'மருத்துவம் கிடைக்கவில்லை' என்ற செய்தியை நம் வீடுகளில் எப்படிச் சொல்கிறோம்? மையித்து விழுந்த வீட்டைப் போல் ஆக்கி விடுகிறோமல்லவா? பெற்றோரின் முகத்தைப் பார்த்தே பிள்ளை தன்னைத் 'தோற்றவள்' என்று முடிவு செய்து கொள்கிறது. அபூதரின் தோளில் வைக்கப்பட்ட அந்தக் கையை நாம் மறந்து விடுகிறோம்.

ஆசை வேறு, இயல்பு வேறு

"அப்படியானால் பிள்ளை எதைக் கேட்டாலும் விட்டு விடுவதா?" என்று சில தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆசை இன்று ஒன்றாகவும் நாளை ஒன்றாகவும் இருக்கும். சினேகிதி சேர்ந்த வகுப்பில் தானும் சேர வேண்டும் என்பது ஆசை. இயல்பு அப்படி மாறாது. அது பல வருடங்களாகப் பிள்ளையின் நடத்தையில் தெரிந்து கொண்டே இருக்கும்.

ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) பிள்ளை வளர்ப்புப் பற்றி 'துஹ்ஃபதுல் மவ்தூத்' என்றொரு நூல் எழுதினார். பிள்ளை எந்த வேலைக்குத் தயார்படுத்தப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும், மார்க்கம் அனுமதித்த வேலையாக இருக்கும் வரை அதை விட்டு வேறொன்றில் பிள்ளையைத் திணிக்கக் கூடாது என்று அதில் அவர் விளக்குகிறார். விளக்கமும் நினைவாற்றலும் உள்ள பிள்ளையை இல்மின் பக்கம் விடச் சொல்கிறார். குதிரையேற்றத்திலும் வீரத்திலும் நாட்டமுள்ள பிள்ளைக்கு அதற்குரிய வழியைத் திறக்கச் சொல்கிறார். கைத்தொழிலில் கண் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்கச் சொல்கிறார். இயல்புக்கு மாறானதைத் திணித்தால் பிள்ளை அதிலும் தேறாது, தனக்குரியதையும் இழந்து விடும் என்று எச்சரிக்கிறார். ஏறத்தாழ 700 வருடங்களுக்கு முன் எழுதப்பட்டது, இன்று நமக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கிறது.

இந்த இயல்பைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும் என்று இருந்து விடவும் முடியாது. அதைக் கண்டு சொல்ல ஒருவர் வேண்டும். திமஷ்கில் ஓர் இளைஞர் இருந்தார். அவருடைய தந்தை பொன் வேலை செய்தவர். அந்த இளைஞரின் கையெழுத்தைப் பார்த்த ஆசிரியர் அல்-பிர்ஸாலி, இது ஹதீஸ் கலை அறிஞர்களின் எழுத்தைப் போல் இருக்கிறதே என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் தமது உள்ளத்தில் ஹதீஸ் கலையின் மீது நேசத்தை ஏற்படுத்தியது என்று அந்த இளைஞர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர்தான் ஹிஜ்ரி 748இல் மறைந்த மாபெரும் வரலாற்றாசிரியர் இமாம் தஹபி (ரஹ்). ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு நல்ல வார்த்தை எவ்வளவு தூரம் சென்றது என்று பாருங்கள்.

சில வேளை தவறும் தோல்வியும் கூட வழி காட்டும். பாரசீகத்திலிருந்து பஸராவுக்கு வந்த ஸீபவைஹி ஆரம்பத்தில் ஹதீஸ் கற்கும் மாணவர். ஹம்மாத் பின் ஸலமா அவர்களின் மஜ்லிஸில் ஒரு ஹதீஸை வாசிக்கும் போது இலக்கணப் பிழை விட்டார். ஆசிரியர் சபையிலேயே திருத்தினார். இனி எவரும் பிழை பிடிக்க முடியாதபடி ஒரு கல்வியைக் கற்பேன் என்று உறுதி பூண்டு, அவர் கலீல் பின் அஹ்மதிடம் போய்ச் சேர்ந்தார். அறபு இலக்கணத்தின் தாய் நூலாக இன்றும் போற்றப்படும் 'அல்-கிதாப்' அவர் எழுதியதுதான். அறபுக் கல்லூரிகளில் நஹ்வுப் பாடம் நடத்தும் எங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. ஒரு வாசலில் தலை முட்டியது, பக்கத்து வாசலைக் காட்டிக் கொடுத்தது.

எல்லோரும் ஒரே வாசலில் நின்றால்?

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தமது காலத்து நிலையைக் கண்டித்திருக்கிறார். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் கூட இல்லை. ஆனாலும் எல்லோரும் பிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்கள். காரணம் என்ன? வக்புகளை நிர்வகிக்கவும் அநாதைகளின் சொத்தைப் பொறுப்பேற்கவும் நீதிபதியாகவும் அது வழி திறக்கிறது, மருத்துவம் அப்படித் திறப்பதில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொல்கிறார்.

இன்று பெயர்கள்தாம் இடம் மாறியுள்ளன. அன்று கௌரவம் தேடி ஒரு வாசலில் கூடினார்கள். இன்று வேறொரு வாசலில் கூடுகிறோம். அதே இமாம் கஸ்ஸாலி பர்ளு கிஃபாயாவான தொழில்களை எண்ணும் போது விவசாயத்தையும் நெசவையும் தையலையும் கூடச் சேர்த்திருக்கிறார். சமூகத்தில் எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளியாகும் கடமைகள் அவை. தையல் மெஷினுக்கு முன் அமர்ந்திருக்கும் எத்தனை சகோதரிகளுக்கு இது தெரியும்? "நான் சும்மா தைச்சுக் கொண்டிருக்கிறேன்" என்றல்லவா சொல்கிறார்கள்!

மதீனாவில் அப்துல்லாஹ் அல்-உமரி என்ற வணக்கசாலி, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாடம் நடத்துவதை விட்டு விட்டுத் தனிமையில் இபாதத்தில் ஈடுபடுமாறு அதில் கேட்டிருந்தார். இமாமவர்கள் கோபிக்கவில்லை. அல்லாஹ் ரிஸ்கைப் பங்கிட்டது போலவே நற்செயல்களையும் பங்கிட்டுள்ளான், ஒருவருக்குத் தொழுகையிலும் இன்னொருவருக்கு தர்மத்திலும் வேறொருவருக்கு ஜிஹாதிலும் வழி திறக்கிறான், கல்வியைப் பரப்புவதும் சிறந்த நற்செயல், தமக்குத் திறந்து தரப்பட்டதில் தாம் திருப்தியடைந்துள்ளேன், இருவருமே நன்மையில் இருப்பதாக நம்புகிறேன் என்ற கருத்தில் பதில் எழுதினார்கள். தம் பணியை அறிந்தவருக்கு மற்றவரின் பணியைக் கண்டு பொறாமையும் வராது, தாழ்வு மனப்பான்மையும் வராது.

நமது நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் எம்.ஸீ. சித்தி லெப்பை ஒரு சட்டத்தரணி. பேரும் பணமும் தரக்கூடிய தொழில் கையில் இருந்தது. ஆனால் அவருடைய உள்ளம் சமூகத்தின் கல்வியில்தான் இருந்தது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பலர் யோசிக்காத காலத்தில் கண்டியில் அவர்களுக்குப் பாடசாலை நடத்தினார். 1892இல் மருதானையில் தொடங்கி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவின் ஆரம்பகர்த்தாக்களுள் அவரும் ஒருவர். அவர் வாதாடிய வழக்குகளை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் போட்ட கல்வி அத்திவாரத்தின் மேல்தான் நம் பிள்ளைகள் இன்றும் நிற்கிறார்கள்.

பெண்களின் கைகள்

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடம், உங்களில் கை நீளமானவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்து சேர்வார் என்ற கருத்தில் கூறினார்கள். அவர்கள் தம் கைகளை அளந்து பார்த்துக் கொண்டார்கள். முதலில் மறைந்தவர் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி). அவரோ உயரம் குறைந்தவர். அப்போதுதான் கை நீளம் என்பது தர்மத்தைக் குறித்தது என்று ஏனையோர் விளங்கிக் கொண்டார்கள். ஸைனப் (ரழி) தோல் பதனிட்டு, தைத்து, கைத்தொழில் செய்து, அதில் கிடைத்ததை அல்லாஹ்வின் பாதையில் கொடுத்து வந்தார். உம்முல் முஃமினீன் என்ற உயர்ந்த அந்தஸ்தில் இருந்தவருக்குக் கைத்தொழில் இழிவாகத் தோன்றவில்லை.

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) எழுத்தறிந்த பெண்மணி. அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் அவரே. ருஃபைதா (ரழி) காயப்பட்டோருக்கு மருந்திடுவதில் தேர்ந்தவர். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஃத் பின் முஆத் (ரழி) அவருடைய கூடாரத்தில்தான் பராமரிக்கப்பட்டார். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி கைத்தொழில் செய்து, வசதி குறைந்த கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவு செய்தார். இது தர்மமாகுமா என்று அவர் கேட்டனுப்பிய போது, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியுமாக இரட்டைக் கூலி உண்டென்று பதில் வந்தது.

ஒருவர் எழுத்து, ஒருவர் மருந்து, ஒருவர் தோல். எல்லோரும் ஒரே வேலை செய்யவில்லை. எவரும் மற்றவரைப் பார்த்து ஏங்கவும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று முடிவெடுக்காதீர்கள். அதற்கு முன்பே சில வருடங்கள் பிள்ளையைக் கவனியுங்கள். எதைச் சொல்லாமலே செய்கிறது? எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறது? எதில் பிழை விட்டாலும் சலிக்காமல் மறுபடியும் முயல்கிறது? மற்றவர்கள் எந்த உதவிக்காக அதைத் தேடி வருகிறார்கள்? இந்த நான்குக்கும் ஒரே பதில் வந்தால், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, பாடசாலை ஆசிரியையிடம் புள்ளியை மட்டும் கேட்டுத் திரும்பாமல், "என் பிள்ளை எதில் கெட்டிக்காரி?" என்றும் கேளுங்கள். மஷூரா செய்யுங்கள், இஸ்திகாராவும் தொழுங்கள். ஆனால் இஸ்திகாரா பிள்ளையும் தொழ வேண்டியது. அதனுடைய வாழ்க்கையல்லவா?

மூன்றாவது, உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம் என்பது உண்மை. பிள்ளைக்கு அந்தத் துறையில் மெய்யான நாட்டமும் ஆற்றலும் இருந்தால் மறுபடி எழுதட்டும், நீங்களும் துணை நில்லுங்கள். ஊராரின் பேச்சுக்காக மட்டும் என்றால் அந்த வருடங்களை வீணாக்க வேண்டாம். தகுதி பெறும் எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. கல்வியியல் கல்லூரிகளும் தாதியர் பயிற்சியும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. நமது நாட்டின் தேசிய தொழிற் தகைமை முறை ஒன்று முதல் ஏழு வரை மட்டங்களைக் கொண்டது. கைத்தொழிலில் தொடங்கிய ஒருவர் அதன் வழியே பட்டம் வரையும் செல்லலாம்.

நான்காவது, இது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. வீட்டிலிருந்தே பல வருடங்களாகத் தையலோ கேக் வேலையோ செய்து பழகிய சகோதரிகள், பாடநெறிக்குப் போகாமலே தம் திறமையைக் காட்டித் தகைமைச் சான்றிதழ் பெறவும் அந்த முறையில் வழியிருக்கிறது. அருகிலுள்ள தொழிற்பயிற்சி அதிகார சபைக் காரியாலயத்தில் விசாரித்துப் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டியது ஒரு தடையல்ல.

விரும்பிய வேலை கிடைக்காமல், குடும்பத்துக்காகக் கிடைத்த வேலையைச் செய்வோரும் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு வீணல்ல. குடும்பத்துக்கு ஹலாலாக உழைப்பதும் இபாதத்தான். எந்த வேலையைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான். கிடைத்த வேலைக்குள்ளும் தன் இயல்புக்கு ஒரு இடம் தேடிக் கொள்ளலாம். கடையில் கணக்கெழுதும் பெண், மாலையில் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாமே!

பெண் பார்க்க வருபவர்கள் "பிள்ளை என்ன செய்கிறா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அழகான ஒரு பதில் வேண்டும் என்பதற்காகவே எத்தனையோ பிள்ளைகளின் வருடங்கள் கரைந்து போகின்றன. மறுமையிலும் ஒரு கேள்வி வரும். கொடுக்கப்பட்ட வாலிபத்தை எதில் கழித்தாய், கற்றதைக் கொண்டு என்ன செய்தாய் என்று அங்கே கேட்கப்படும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் பிள்ளைதான். அவளுக்குரிய பணியைக் கண்டுகொள்ள உதவுவது நம் மீதுள்ள அமானிதம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளில் நீ வைத்துள்ள நன்மைகளை அறிந்துகொள்ளும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! அவர்களுக்கும் மக்களுக்கும் பயன் தரும் பணியில் அவர்களை அமர்த்துவாயாக! ஆமீன்.